டிவிக்குப் போர்த்திய பொன்னாடை

வைகறைச்சோலை கலை அறிவியல் கல்லூரி நடத்தும் பன்னாட்டுக் கருத்தரங்கில் எப்படிக் கலந்துகொள்ள வேண்டும் என்ற வழிகாட்டுக் குறிப்பு சரண்யாதேவியின் செல்போனுக்கு நான்கு பக்கத்தில் வந்து சேர்ந்தது. கருத்தரங்கு கலப்பு முறையில் நடக்கிறது, நேரிலும் வரலாம், இருந்த இடத்தில் இருந்தபடி இணையத்திலும் வரலாம் என்று முதல் பக்கம் சொன்னது. மிச்ச மூன்று பக்கமும் அதைச் சிக்கலாக்கின.

'நேரில் வருவோர், தாங்கள் நேரில் வந்திருப்பதை அரங்கில் அமர்ந்தபடி இணைய இணைப்பில் நுழைந்து உறுதிசெய்ய வேண்டும். அரங்கில் சிக்னல் கிடைக்காது என்பதால் இதை வீட்டிலிருந்தே செய்துவிட்டு வருவது நலம்.

இணையத்தில் கலந்துகொள்வோருக்கு மதிய உணவு உண்டு. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.

கேமராவை அணைத்து வைத்திருப்போர் முகமலர்ச்சியுடன் அமர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்க விரும்புவோர் நேரமின்மையைக் கருத்தில் கொள்ளவும்.'

சரண்யாதேவி இரண்டு தடவை படித்தாள். புரியவில்லை. புரியாதது தன் அறிவின் குறை என்று நினைத்துக்கொண்டாள். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கு முதலில் வருகிற வியாதி அதுதான்.

அவளுக்கு இந்தக் கருத்தரங்கை விட்டால் வேறு வழியில்லை. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவள் பதிவே காலாவதியாகிவிடும். ஆய்வேட்டைக் கொடுக்க, பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை வாசித்த சான்றிதழ் வேண்டும். முன்பெல்லாம் அது பெரிய காரியமில்லை. ஆனால் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மாதிரிச் சான்றிதழ்கள் மண்டிப் போனதால், பல்கலைக்கழகம் புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. வாசிக்கிறவரைப் பார்த்து யாராவது ஒருவர் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். அதற்கு அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும். நடத்துகிற கல்லூரிக்காரர்கள் கேட்டால் செல்லாது. கேள்வி இல்லை என்றால் சான்றிதழில் 'வாசித்தார்' என்று போட முடியாது, 'வந்திருந்தார்' என்றுதான் போடலாம்.

ஒரே ஒரு கேள்வி. அதற்காகத்தான் அவள் நேரில் போவது என்று முடிவு செய்தாள். ஆளைக் கண்ணால் பார்த்தால் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றாதா என்று நினைத்தாள். பேரையூர்ப் பக்கத்துப் பெண், வெள்ளந்தி.

அவளுடைய ஆராய்ச்சி ஷேர் ஆட்டோவைப் பற்றியது. அவனியாபுரத்திலிருந்து பெரியார் பேருந்து நிலையம் வரை ஓடுகிற ஷேர் ஆட்டோக்களில் மூன்று வருடம் ஏறி இறங்கி, யார் ஏறினால் யார் தள்ளி உட்காருகிறார்கள் என்று கவனித்திருந்தாள். வழிகாட்டிப் பேராசிரியர் அதற்கு 'நகர்ப்புறப் பகிர்வுப் பயண வெளியில் இருக்கை இணக்கமும் சமூக அடுக்கும்' என்று பெயர் வைத்துக் கொடுத்தார். அவள் அம்மா தங்கப்பொண்ணு கொத்து வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள். அவள் இதைக் கேட்டுவிட்டு, "தள்ளு தள்ளும்பாக, தள்ளிக்கிறோம். இதுல என்னத்தாடி படிப்பு?" என்றாள். மூன்று வருடத்தில் அந்த ஆராய்ச்சியைப் பற்றி யாராவது கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

கல்லூரி சமயநல்லூரைத் தாண்டி உள்ளே இருந்தது. வாசலில் வாட்ச்மேன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கான்பரன்சுக்கா? நேர்லயா வந்துருக்கீக?"

"ஆமாண்ணே."

"போங்க, போங்க. பாவம்," என்றார் அவர்.

உள்ளே ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் தனிஸ்லாஸ் வாழைமரம் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். இருபது வருடமாக எல்லாவற்றையும் ஒருங்கிணைத்து ஒருங்கிணைத்து முதுகு வளைந்து போயிருந்தது. சரண்யாதேவியைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"என்னம்மா, நேர்ல வந்துட்ட?"

"நேர்லயும் வரலாம்னு போட்டிருந்துச்சு சார்."

"போட்டிருந்துச்சும்மா. வருவாகன்னா போட்டோம்?" என்றவர், சற்று யோசித்து, "சரி, வந்தது வந்துட்ட. முன் வரிசையில உக்காரு. போட்டோவுக்கு ஆகும்," என்றார்.

நேரில் வந்தவர்களுக்கென்று தயாராக இருந்த பை, பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒவ்வொன்றுதான் இருந்தன. அவையும் தனிஸ்லாஸ் அவசரத்துக்கு எடுத்துக் கொடுத்த தன்னுடைய பொருட்கள்தான்.

ஆனால் அரங்கில் உட்கார இடமில்லை. இளங்கலை வகுப்புகளிலிருந்து பிள்ளைகளை ஓட்டி வந்து நிரப்பியிருந்தார்கள். தொடக்க விழா போட்டோ எடுத்து முடியும் வரை அவர்கள் அறிஞர்கள், முடிந்ததும் மறுபடியும் மாணவர்கள் என்று ஏற்பாடு.

மேடை நடுவில் பெரிய சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. அதில் டிவியைத் தூக்கி வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் இணையத்தில் வருகிறார், அவர் எங்கே தெரிகிறாரோ அதுதானே அவர் இருக்கை என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். டிவியின் தலையில் ஒரு கேமரா செருகியிருந்தது. உலகம் அரங்கைப் பார்ப்பது அந்தக் கண்ணால்தான். அரங்கு உலகத்தைப் பார்ப்பது அந்த டிவியில்தான். சந்தனம் வைப்பதா வேண்டாமா என்று சிறிது நேரம் பேச்சு நடந்தது. கணினிக்கூட உதவியாளர் ஆல்பின் ஓடிவந்து, "சார், பன்னீர் மட்டும் தெளிச்சிராதீக, ஷாக் அடிக்கும்," என்று கேட்டுக்கொண்டதால் பன்னீர் நிறுத்தப்பட்டது. அதுவும் மரியாதைக் குறைவுதான் என்று முதல்வர் வருத்தப்பட்டார்.

சிறப்பு விருந்தினர் முன்னாள் துணைவேந்தர் காளையப்பன். மெல்போர்னில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று அழைப்பிதழ் சொன்னது. அவர் ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால்தான் கருத்தரங்கு பன்னாட்டுக் கருத்தரங்கு. அவரே தொடங்கி வைப்பார், அவரே அமர்வுத் தலைவர், அவரே நிறைவுரை. அது மட்டுமல்ல, கல்லூரிக்குத் தன்னாட்சி கொடுக்கலாமா என்று பார்க்கிற குழுவிலும் அவர்தான் தலைவர். அதனால் முதல்வர் முத்துக்குமரன் காலையிலிருந்து டிவியைப் பார்த்து ஏழெட்டுத் தடவை கும்பிட்டுவிட்டார். அப்போது அது அணைந்திருந்தது.

டிவி உயிர் பெற்று, அதில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் தெரிந்ததும் அரங்கம் எழுந்து நின்றது. குத்துவிளக்கில் கடைசித் திரியை இணையத்தில் வந்தவர்களுக்காக விட்டுவைத்தார்கள். பெரியவர் அங்கிருந்து ஒரு விரலை நீட்ட, இங்கே ஆல்பின் தீக்குச்சியைக் கொளுத்தினார். அந்த நேரம் பார்த்து மெல்போர்னில் ஒரு வண்டி போயிற்று. 'பழைய இரும்பு, பழைய பேப்பர், உடஞ்ச பிளாஸ்டிக் குடம்' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனது அரங்கம் முழுக்கக் கேட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தமிழர்கள் உலகெங்கும் பரவியிருக்கிறார்கள் என்று சரண்யாதேவி சமாதானம் செய்துகொண்டாள்.

அடுத்து பொன்னாடை. முதல்வர் நல்ல அகலமான, ஜரிகை வைத்த மஞ்சள் பொன்னாடையை விரித்து, டிவியின் இரண்டு தோளிலும் போர்த்தினார். டிவிக்குத் தோள் கிடையாது என்பதால் அது தலையிலிருந்து கால்வரை இறங்கிவிட்டது. கேமரா உள்ளே போயிற்று. திரை உள்ளே போயிற்று. காளையப்பன் உள்ளே போனார். அதன் மேல் ஒரு சந்தன மாலையும் போட்டார்கள். கைதட்டல் எழுந்தது.

கைதட்டல் அடங்கியதும்தான் பிரச்சினை தெரிந்தது. தனிஸ்லாஸ் முதல்வரின் காதுக்குள் போனார்.

"சார், ஒண்ணும் தெரியல. எடுத்துரலாமா?"

"எதை?"

"பொன்னாடைய."

"அறிவிருக்காய்யா? போத்துன பொன்னாடைய நாமளே உருவுறதா? நாலு பேர் முன்னால மரியாதையப் புடுங்குறதுக்குச் சமம். அய்யாவே எடுத்து, மடிச்சு வச்சுக்கிருவார். அதான் முறை."

"அய்யா உள்ள இருக்கார் சார். எப்படி எடுப்பாரு?"

முதல்வர் யோசித்தார். மேடையில் பொன்னாடை போர்த்தினால், வாங்கிக்கொண்டவர்தான் அதை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். போர்த்தியவன் கைவைத்து எடுத்ததாக மதுரைச் சீமையில் சரித்திரமே கிடையாது. தன்னாட்சி வருகிற நேரத்தில் அந்தச் சரித்திரத்தைத் தன் கையால் தொடங்கி வைக்க அவருக்குத் துணிச்சலில்லை.

"அவரா எடுக்கட்டும்," என்று முடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"மாண்புமிகு அவையோரே," என்று தொடங்கினார் முதல்வர். "இந்தக் கருத்தரங்கில் நேரில் வந்தவருக்கும் வராதவருக்கும் எள்ளளவும் வேறுபாடு கிடையாது என்பதைப் பெருமிதத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். கட்டுரை வாசிப்பவருக்கும் வாசிக்காதவருக்கும் வேறுபாடு கிடையாது. கேட்பவருக்கும் தூங்குபவருக்கும் வேறுபாடு கிடையாது. எல்லோருக்கும் ஒரே சான்றிதழ். சமத்துவத்தை மற்ற கல்லூரிகள் பேசுகின்றன, நாம் அச்சடித்தே கொடுத்துவிட்டோம். சென்ற ஆண்டு நடந்த கருத்தரங்கில் மின்சாரம் போய்விட்டது. ஒரு கட்டுரைகூட வாசிக்கப்படவில்லை. ஆனாலும் கட்டுரைத் தொகுப்பு குறித்த நாளில் வெளிவந்தது. இடையூறுகளுக்கு அறிவு அஞ்சாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

பிறகு பொன்னாடைக்குள்ளிருந்து காளையப்பனின் குரல் வந்தது. "உங்கள் கல்லூரியின் பொன்மயமான பின்னணியைப் பார்க்கும்போதே மனம் நிறைகிறது," என்றார் அவர். அறிவுக்கு எல்லைகள் இல்லை என்று அரைமணி நேரம் பேசினார். மஞ்சள் துணி, கொஞ்சம் காற்று பட்டதால், பேச்சுக்குத் தக்கபடி ஆடியது. மாணவர்கள் துணியைப் பார்த்துக் கைதட்டினார்கள். போட்டோ எடுத்து முடிந்தது. ஒரு மணி அடித்தது. அறிஞர்கள் எல்லாம் எழுந்து கணக்குப் பதிவியல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். நானூறு நாற்காலிக்கு நடுவே சரண்யாதேவி மட்டும் முன் வரிசையில் மிஞ்சினாள்.

காலை அமர்வு தொடங்கியது. இணையத்தில் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் துணிக்குள்ளிருந்து வாசித்தார்கள். எல்லோரும் "நான் பேசறது கேக்குதா?" என்று தொடங்கினார்கள். தனிஸ்லாஸ் "கேக்குது, கேக்குது" என்றார். ஒருவர் பைக் ஓட்டிக்கொண்டே வாசித்தார், மேற்கோள் வருகிற இடங்களில் ஹார்ன் அடித்தது. ஒரு அம்மா கட்டுரையை முன்பே பதிவு செய்து ஓட விட்டுவிட்டுச் சமைக்கப் போய்விட்டார், குக்கரில் மூன்று விசில் வந்த பிறகும் யாரும் அடுப்பை அணைக்காததில் சரண்யாதேவிக்குத்தான் பதற்றம். ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் தனிஸ்லாஸ் "கேள்விகள்?" என்று கேட்பார். மூச்சுவிடுகிற நேரம்கூட நிற்காமல், "இல்லை. கட்டுரை அவ்வளவு தெளிவு," என்று அடுத்தவரைக் கூப்பிடுவார்.

தெளிவாக இருந்தவர்கள் யாரும் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் இல்லை, அந்தப் பல்கலைக்கழக விதி அவர்களுக்குக் கிடையாது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் கல்லூரிக்குக் கூட்டம் வந்தது. இணையத்தில் கலந்துகொண்டவர்கள் பைக்கிலும் காரிலும், சிலர் குடும்பத்தோடும் வந்து இறங்கினார்கள். பந்திக்கு முந்துவதில் மட்டும் எல்லோரும் நேர்முறைதான். சட்டைப் பையில் செல்போன் இருந்தது, அதில் கருத்தரங்கு ஓடிக்கொண்டிருந்தது. வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி, குலோப் ஜாமூன். வரிசையில் தனக்கு முன்னால் நின்ற கண்ணாடி போட்ட பேராசிரியரிடம் சரண்யாதேவி தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுத்தாள்.

"சார், மதியம் என் பேப்பர் இருக்கு. ஷேர் ஆட்டோ பத்தி. ஏதாச்சும் ஒரு கேள்வி கேக்குறீங்களா சார்? சின்னதா இருந்தாக்கூடப் போதும்."

அவர் யோசித்தார். "கேக்கலாம்மா. ஆனா நாங்க ஆன்லைன். நேர்ல வந்து கேள்வி கேட்டா முறையாகாது."

"ஆன்லைன்லயே கேளுங்க சார்."

"அதுக்கு வீட்டுக்குப் போகணுமே. போனா சாப்பிட்ட அசதி," என்றவர், இன்னொரு ஜாமூனை எடுத்து வைத்துக்கொண்டு, "ஆனா நல்ல டாப்பிக்," என்று ஆறுதல் சொன்னார்.

சரண்யாதேவி தட்டோடு வேப்பமரத்தடிக்குப் போனாள். அங்கேதான் சிக்னல் கிடைத்தது. அம்மா கூப்பிட்டாள். வேலையிடத்தில் கலவை மெஷின் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது.

"எவனாச்சும் கேள்வி கேட்டானாத்தா?"

"இன்னும் இல்லம்மா."

"நம்மூரு பஸ் ஸ்டாப்புல நின்னா ஒம்பது பேரு கேப்பான், எங்க போற, எதுக்குப் போற, எப்ப வருவன்னு. அம்புட்டுப் படிச்சவுக கூடியிருக்க எடத்துல ஒருத்தருக்குமா ஒண்ணும் தோணல?"

சரண்யாதேவிக்கு அழுகை வந்தது. பிரியாணி காரம் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மதிய அமர்வில் முதல் கட்டுரை அவளுடையது. கடைசிக் கட்டுரையும் அதுதான், மற்றவர்கள் ஜாமூனோடு கிளம்பிவிட்டார்கள். அரங்கில் தனிஸ்லாஸ் இருந்தார். ஆல்பின் இருந்தார். நிறைவு விழாவுக்குச் சீக்கிரமே வந்துவிட்ட முதல்வர் மேடையில் பொன்னாடைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். சரண்யாதேவி பென் டிரைவை ஆல்பினிடம் கொடுத்தாள். அவர் டிவிக்குப் பின்னால் கையை விட்டுச் செருகினார்.

"ஸ்லைடு தெரியலையேண்ணே."

"ஓடுதும்மா. உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு," என்றார் ஆல்பின்.

"அந்தத் துண்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டா..."

ஆல்பின் தனிஸ்லாஸைப் பார்த்தார். தனிஸ்லாஸ் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் பொன்னாடையைப் பார்த்தார். பொன்னாடைக்குள்ளிருந்து லேசாகக் குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. "அய்யா கவனிச்சுக்கிட்டிருக்கார். ஆரம்பிம்மா," என்றார் முதல்வர்.

அவள் ஆரம்பித்தாள். காலி நாற்காலிகளையும் மஞ்சள் துணியையும் மாறி மாறிப் பார்த்து வாசித்தாள். தனிஸ்லாஸ் அன்றைய சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருட வெயில், மூன்று வருட ஆட்டோப் புகை, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு அவள் நின்றாள்.

"கேள்விகள்?" என்றார் தனிஸ்லாஸ். வழக்கம்போல உடனே மூடாமல், இந்த முறை அவர் கொஞ்சம் காத்திருந்தார். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா. அரங்கில் மின்விசிறி சுற்றியது. எங்கோ ஒரு புறா சிறகடித்தது.

"சார், நீங்களே ஒண்ணு கேளுங்களேன்," என்றாள் சரண்யாதேவி மெதுவாக.

"நடத்துறவுக கேட்டாச் செல்லாதும்மா. எனக்குக் கேக்கணும்னு ஆசைதான். ஆனா இருபது வருசமாச்சு, என்ன கேக்குறதுன்னும் மறந்துபோச்சு," என்றவர், பேனாவை எடுத்து அவள் சான்றிதழில் 'வந்திருந்தார்' என்ற இடத்துக்குக் கொண்டு போனார்.

அப்போது பொன்னாடை பேசியது.

"ஒரு சின்னச் சந்தேகம்."

முதல்வர் எழுந்து நின்றுவிட்டார். தனிஸ்லாஸின் பேனா அந்தரத்தில் நின்றது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி சரண்யாதேவி துணியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"கேளுங்கய்யா," என்றாள்.

"இப்பப் பேசுன பொண்ணுதானே? காலையிலருந்து எனக்கு இங்க எல்லாம் மஞ்சளாவே தெரியுது. உங்க காலேஜ் பேனர்னு நெனச்சேன். இம்புட்டு நேரமாவா பேனரைக் காட்டுவாக? ஏம்மா இப்படித் தெரியுது?"

முதல்வர் இரண்டு கையையும் காற்றில் ஆட்டினார். "நெட்வொர்க்குன்னு சொல்லு," என்று தனிஸ்லாஸ் உதட்டை அசைத்தார். ஆல்பின் தரையைப் பார்த்தார். எவ்வளவு எளிது, நெட்வொர்க் என்று ஒரு சொல். ஊரில் அத்தனை பேரும் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறார்கள்.

ஆனால் மூன்று வருடத்தில் அவளைப் பார்த்து ஒரு சபையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அதற்குப் போய்ப் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அய்யா, உங்களுக்குப் போர்த்துன பொன்னாடைதான்யா மறைக்குது. கேமராவும் அதுக்குள்ளதான் இருக்கு. நாங்க எடுத்தா மரியாதை இல்ல, நீங்கதான் எடுக்கணும்னு விட்டுட்டாக."

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன்னாட்சி தன் கண்முன்னால் சமயநல்லூரைத் தாண்டிப் போவதை அவர் பார்த்தார்.

பொன்னாடை ஒரு தடவை செருமியது. பிறகு, "அப்ப எடுத்துருங்களேன்பா. நான் எங்கருந்து எடுக்குறது?" என்றது.

ஆல்பின் அதற்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர் மாதிரி ஒரே இழுப்பில் இழுத்தார். காலைக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று முதல் முறையாகப் பார்த்துக்கொண்டன. திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பாஸ்போர்ட் போட்டோக்கள். ஒரு கட்டத்தில் யார் வீட்டு மின்விசிறியோ சுற்றியது. ஒரு கட்டத்தின் பெயர் 'ரெட்மி'. நடுவில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் ஆள் அசைந்தது. மேலே வெள்ளைச் சட்டையும் கீழே கட்டம்போட்ட கைலியுமாகக் காளையப்பன் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பின்னால் தெற்கு மாசி வீதி நகைக்கடை ஒன்றின் காலண்டர் தொங்கியது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரங்கத்தை உற்றுப் பார்த்தார். நாற்காலிகள், நாற்காலிகள், நாற்காலிகள்.

"நீ மட்டும்தான் வந்துருக்கியாம்மா?"

"ஆமாய்யா. அங்கயும் நீங்க மட்டும்தான் இருக்கீக."

முதல்வர் பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார். "அய்யா மன்னிக்கணும். மெல்போர்ன்ல இப்ப ராத்திரி ஆகியிருக்கும், அய்யா ஓய்வெடுக்கணும், நாம நிறைவு செஞ்சுக்கலாம்..."

"என்னய்யா மெல்போர்ன்? நான் போன வாரமே நம்ம மதுரை கே.கே. நகருக்கு வந்துட்டேனே. நேர்லயே வாரேன், கார் மட்டும் அனுப்புங்கன்னு சொன்னேன். வந்தா பன்னாட்டுங்கிறது போயிரும், வீட்லயே இருங்க, வாசப்பக்கம்கூட வந்துராதீகன்னு நீதான சொன்ன முத்துக்குமரா?"

முதல்வர் மைக்கை அணைத்தார். அணைத்தது தன்னுடைய மைக்கைத்தான் என்பதால் எதுவும் மாறவில்லை.

"அதை விடு," என்றார் காளையப்பன். "ஏம்மா, பொய் சொல்ல நான் விரும்பல, அசந்துட்டேன். என்னமோ ஆட்டோன்னியே. முதல்லருந்து சொல்லு. தாளைப் பாக்காம சொல்லு."

சரண்யாதேவி தாளை மூடினாள். இருக்கை இணக்கம், சமூக அடுக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தான் பார்த்ததைச் சொன்னாள். அவனியாபுரத்தில் யார் ஏறுவார்கள், வில்லாபுரத்தில் யார் ஏறுவார்கள், சலவைச் சட்டை ஏறினால் எத்தனை பேர் ஒதுங்குவார்கள், கட்டைப்பை ஏறினால் எத்தனை பேர் செல்போனைப் பார்ப்பார்கள் என்று சொன்னாள். தனிஸ்லாஸ் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆல்பின் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி, கேள்வி," என்றார் காளையப்பன். "அந்த ஆட்டோல நான் ஏறுனா யாரு தள்ளி உக்காருவா?"

"நீங்க ஏறுனா எல்லாருமே தள்ளி உக்காருவாகய்யா. இடமே இல்லாட்டியும் ஒருத்தர் எந்திரிச்சு டிரைவர் பக்கம் போயிருவாக."

"ஏறுறது உங்கம்மான்னா?"

சரண்யாதேவிக்குக் கோபமும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன.

"எங்கம்மா ஏறுனாலும் எங்கம்மாதான்யா தள்ளி உக்காருவாக. மேல சிமெண்டு ஒட்டியிருக்கும்ல. உக்காந்து இருக்குறவுகளுக்குப் பட்டுறக்கூடாதுன்னு அவுகளே கம்பிக்கிட்ட ஒடுங்கிக்கிருவாக. யாரும் தள்ளுன்னு சொல்ல வேண்டியதில்ல. அதைத்தான்யா நான் மூணு வருசமா எழுதுறேன்."

காளையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கே.கே. நகரில் மறுபடியும் அந்தப் பழைய இரும்பு வண்டி போயிற்று, இந்த முறை அது எந்த ஊர் என்று யாரும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.

"பதில் சரியா இருக்கு," என்றார் அவர். "தனிஸ்லாஸ், எழுதிக்கங்க. வாசித்தார்."

தனிஸ்லாஸ் எழுதினார். அன்றைக்கு அவர் போட்ட நூற்றுக்கணக்கான கையெழுத்துகளில் அந்த ஒன்றில்தான் அவர் பெயர் முழுசாகப் படிக்கும்படி இருந்தது.

சாயங்காலம் பெரியார் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும்போது அம்மா கூப்பிட்டாள்.

"கேட்டானா?"

"கேட்டாகம்மா. உன்னயப் பத்தித்தான் கேட்டாக."

"என்னயப் பத்தியா? என்னயப் பத்திக் கேக்க என்ன இருக்கு? நீ என்னத்தச் சொன்ன?"

"நீ தள்ளி உக்காருவன்னு சொன்னேன்."

"இனிமே உக்காரலன்னு போய்ச் சொல்லு," என்று சொல்லிப் போனை வைத்தாள் தங்கப்பொண்ணு.

கருத்தரங்கு அறிக்கை மறு வாரமே வெளிவந்தது. பொன்னாடை மெல்போர்ன் முகவரிக்கு முறைப்படி அனுப்பி வைக்கப்பட்டதாக அதில் இருந்தது, கே.கே. நகருக்கு அனுப்பியிருந்தால் தணிக்கையில் கேள்வி வந்திருக்கும். அறிக்கையின் முடிவுரையை முதல்வரே எழுதியிருந்தார். கலப்பு முறைக் கருத்தரங்குகளில் பொதுவாக இணையத்தில் கூட்டம் அதிகமாகவும் அரங்கில் குறைவாகவும் இருப்பது ஒரு பெருங்குறை என்றும், அந்தக் குறையை வைகறைச்சோலைக் கல்லூரி முற்றிலும் களைந்துவிட்டது என்றும், நிறைவு அமர்வில் நேரிலும் இணையத்திலும் பங்கேற்பு சரிசமமாக இருந்தது என்றும் அதில் கண்டிருந்தது.